புரட்சிக்குப் பிறகு ரஷ்யப் பிரபுக் குடும்பங்கள் என்ன ஆயின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் டாக்ஸி ஓட்டிய இளவரசர் என்ற ஒரே படத்தோடு பலருக்கு இந்தக் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அது கதையின் ஒரு மூலை மட்டும்தான். நிலமும் மாளிகையும் சில வாரங்களில் போய்விட்டன, ஆனால் "நீ எந்த நாட்டுக்காரன்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இவர்களில் பலர் முப்பது நாற்பது வருடம் வாழ்ந்தார்கள். என்னைக் கேட்டால் சொத்து இழப்பைவிட அதுதான் பெரிய இழப்பு. கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பேன்.

புரட்சி நடந்தவுடனே எல்லோரும் நாட்டைவிட்டு ஓடிவிட்டார்களா?

இல்லை. 1917 மார்ச்சில் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பதவி விலகியபோது பிரபுக்களில் பலர் அதை வரவேற்கவே செய்தார்கள். ஜாருக்குப் பின் அமைந்த தற்காலிக அரசின் முதல் தலைவர் கியோர்கி ல்வோவ், பழம்பெரும் இளவரசர் குடும்பத்துக்காரர். நிலைமையைத் தலைகீழாக்கியது அக்டோபர் புரட்சிதான். லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த மறுநாளே நில ஆணை வந்தது. பண்ணைகள் இழப்பீடு இல்லாமல் பறிபோயின. சில வாரத்தில் பட்டங்களும் குலப் பிரிவுகளும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. டிசம்பரில் வங்கிகள் அரசுடைமை ஆயின, லாக்கரில் இருந்த நகையும் கையைவிட்டுப் போனது.

அப்போதும் வெளிநாடு போக வேண்டும் என்று பெரும்பாலானோர் நினைக்கவில்லை. கீவுக்குப் போனார்கள், ஒடெஸாவுக்குப் போனார்கள், கிரைமியாவில் கடலோரக் கோடை மாளிகை இருந்தவர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் அடங்கிவிடும், அறுவடைக்கு வீடு திரும்பலாம் என்ற எண்ணம். பனிக்கால உடுப்பு எடுத்துக்கொள்ளாமல், குடும்பப் படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படை பின்வாங்கப் பின்வாங்க இவர்களும் தெற்கே நகர்ந்து கடைசியில் கருங்கடல் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு மேல் போக நிலம் இல்லை, கப்பல்தான்.

ரோமானோவ் குடும்பம் மொத்தமும் கொல்லப்பட்டது என்கிறார்களே?

மொத்தமும் இல்லை. 1918 ஜூலை 17 அதிகாலை எகாதெரின்பர்க்கில் நிக்கோலஸ், அரசி அலெக்ஸாந்த்ரா, ஐந்து பிள்ளைகள், கூட இருந்த நான்கு பணியாளர்கள் ஆகியோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜாரின் தம்பி மிகயீலை அதற்கு முந்தைய மாதமே பெர்ம் நகருக்கு வெளியே கொன்றுவிட்டார்கள். எகாதெரின்பர்க் கொலைக்கு மறுநாள் அலபாயெவ்ஸ்க் என்ற ஊரில் அரசியின் அக்கா எலிஸவெத்தாவையும் வேறு சில உறவினரையும் பழைய சுரங்கக் குழிக்குள் தள்ளினார்கள். 1919 ஜனவரியில் பெத்ரோகிராத் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) கோட்டையில் நான்கு கிராண்ட் டியூக்குகள், அதாவது ஜார் குடும்பத்து ஆண்கள், சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான நிக்கோலாய் மிகாய்லோவிச் மதிப்புப் பெற்ற வரலாற்றாசிரியர்.

தப்பியவர்களில் பெரும்பகுதி கிரைமியாவில் இருந்தவர்கள். ஜாரின் தாய் மரியா ஃபியதோரவ்னா 1919 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மார்ல்பரோவில் யால்டாவை விட்டுக் கிளம்பினார். மகள் க்ஸேனியா, முன்னாள் படைத்தலைவர் நிக்கோலாய் நிக்கொலாயெவிச், யூசுபோவ் குடும்பம் எல்லோரும் அதே கப்பலில். அந்த அம்மா டென்மார்க் அரச குடும்பத்துப் பெண், அதனால் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். மகன்களும் பேரப்பிள்ளைகளும் செத்துப்போனார்கள் என்பதை 1928இல் சாகும்வரை அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளவே இல்லை.

இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நிக்கோலஸின் பெரியம்மா மகன். அவருடைய அரசு 1917இல் முதலில் அடைக்கலம் தர ஒப்புக்கொண்டு, பிறகு அரண்மனையின் வற்புறுத்தலால் பின்வாங்கியது. உள்நாட்டில் தன் சிம்மாசனத்துக்கு ஆபத்து வரும் என்று ஜார்ஜ் பயந்தார். இதை நான் எத்தனை முறை படித்தாலும் மனது ஆறுவதில்லை.

வெளியேறியவர்கள் எல்லோரும் பிரபுக்களா?

நிச்சயமாக இல்லை. பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் பேர் வரை வெளியேறியதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. அதில் பெரும்பான்மை சாதாரணச் சிப்பாய்கள், கசாக்குகள் என்ற குதிரை வீரர் சமூகத்தினர், ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், விவசாயிகள். பிரபுக்கள் என்ற வகுப்பிலும் ஏகப்பட்ட அடுக்குகள் உண்டு. ஷெரெமெத்யெவ், யூசுபோவ் மாதிரி லட்சக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களில் நிறையப் பேர் சம்பளத்தில் வாழ்ந்த அதிகாரிகள், அடகில் மூழ்கிய சிறு பண்ணைக்காரர்கள். இளவரசர் என்று மொழிபெயர்க்கப்படும் பட்டம் தகப்பனிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்பதால் கோலித்சின் என்றோ ஒபலென்ஸ்கி என்றோ பெயர் கொண்ட இளவரசர்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். அரச குடும்பத்துக்கும் அவர்களுக்கும் நேரடி உறவு இருக்க வேண்டியதில்லை.

கிரைமியாவிலிருந்து நடந்த பெரிய வெளியேற்றம் எப்படிப்பட்டது?

1920 நவம்பரில் போல்ஷெவிக்குகளின் செம்படை கிரைமியாவுக்குள் நுழைந்தபோது, வெண்படைத் தளபதி வ்ராங்கல் சுமார் 1,46,000 பேரை 126 கப்பல்களில் ஏற்றி கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அனுப்பினார். உள்நாட்டுப் போரில் அதற்கு முன் நடந்த வெளியேற்றங்கள், குறிப்பாக அதே வருடத் தொடக்கத்தில் நொவொரஸீஸ்கில் நடந்தது, வெறும் அலைமோதல். இது ஒழுங்காக நடந்தது. ஆனாலும் கப்பலில் குடிக்கத் தண்ணீர் இல்லை, நிற்க இடம் இல்லை. படையினரைக் கலிப்போலியிலும் லெம்னாஸ் தீவிலும் கூடாரங்களில் இறக்கிவிட்டார்கள். போர்க்கப்பல்கள் துனீசியாவின் பிஸெர்த் துறைமுகத்துக்குப் போய் அங்கேயே துருப்பிடித்தன.

கான்ஸ்டான்டிநோபிளின் பெரா வீதியில் தளபதிகள் தீப்பெட்டி விற்றார்கள், சீமாட்டிகள் உணவகங்களில் பரிமாறினார்கள். வாடகை கொடுப்பதற்காகக் கரப்பான்பூச்சிப் பந்தயம்கூட நடத்தினார்கள். கட்டுக்கதை மாதிரித் தோன்றும், ஆனால் நடந்ததுதான். கிரைமியாவில் தங்கிவிட்ட வெண்படை அதிகாரிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த சில மாதங்களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நகைகளை விற்றே வாழ்ந்திருக்கலாமே?

கொஞ்ச காலத்துக்கு வாழ்ந்தார்கள். உள்பாவாடையில் தைத்து, மருந்துக் குப்பியில் போட்டு, எப்படியெல்லாமோ கொண்டுவந்த கற்கள் பாரிஸிலும் லண்டனிலும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்ததால் விலை விழுந்துவிட்டது. விற்பவருக்கு அவசரம் என்று தெரிந்தால் வாங்குபவர் எப்படிப் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தவர்கள் பலர் உலகப் போர் தொடங்கியபோது தேசப்பற்றால் அதை ரஷ்யாவுக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அதுவும் போச்சு.

பெலிக்ஸ் யூசுபோவ் கதை இதற்கு நல்ல உதாரணம். ஜார் குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புதினைக் கொன்றவர்களில் ஒருவர், ரஷ்யாவின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் வாரிசு. பெத்ரோகிராத் மாளிகையிலிருந்து இரண்டு ரெம்பிராண்ட் ஓவியங்களைச் சுருட்டிக் கொண்டுவந்து 1921இல் வைடனர் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் கொடுத்தார். பிறகு அது அடமானம்தான், விற்பனை இல்லை என்று வழக்குப் போட்டுத் தோற்றார். அந்த ஓவியங்கள் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. 1924இல் மனைவி இரினாவோடு சேர்ந்து பாரிஸில் 'இர்ஃபே' என்ற ஆடை நிறுவனம் தொடங்கினார். அதுவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது வேறொரு வழக்கு. ரஸ்புதினைப் பற்றி ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த படம் ஒன்று இரினாவை அவதூறாகக் காட்டுகிறது என்று லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் 1934இல் 25,000 பவுண்டு ஜெயித்தார்கள். "இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்ற அறிவிப்பு திரைப்படங்களில் பரவியதற்கு இந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம்.

ஜாரின் சித்தி மூத்த மரியா பாவ்லவ்னாவின் நகைகளை 1917இல் ஒரு பிரிட்டிஷ் நண்பர் மாளிகைக்குள் ரகசியமாகப் புகுந்து எடுத்து லண்டனுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்த முத்து தொங்கும் கிரீடம் ஒன்றை மரியா இறந்தபின் இங்கிலாந்து அரசி மேரி 1921இல் வாங்கினார். இரண்டாம் எலிசபெத் தலையில் அடிக்கடி பார்த்திருப்பீர்களே, அதுதான்.

ஏன் டாக்ஸி? வேறு வேலையே கிடைக்கவில்லையா?

பாரிஸில் டாக்ஸி ஓட்ட மேலதிகாரியிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, இரவில் ஓட்டலாம், வழி தெரிந்து பிரெஞ்சு பேசத் தெரிந்தால் போதும். படை அதிகாரிகளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், பிரெஞ்சு சிறுவயதிலிருந்தே தெரியும். அதனால் பல ஆயிரம் ரஷ்யர்கள் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். ஆனால் எண்ணிக்கையில் டாக்ஸியைவிடத் தொழிற்சாலைதான் பெரிது. பியாங்கூரில் இருந்த ரெனோ கார் தொழிற்சாலையில் சிப்பாயும் கர்னலும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை, அதனால் நம் நினைவில் இல்லை.

வழக்கறிஞரும் மருத்துவரும் பட்ட பாடு இன்னும் மோசம். படிப்பு இருந்தது, அது பிரான்ஸில் செல்லவில்லை. 1930களில் பொருளாதார நெருக்கடி வந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது. 1932 மே மாதம் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் போல் தூமேரை ஒரு ரஷ்ய அகதி சுட்டுக் கொன்ற பிறகு வாடகைக்கு வீடு கேட்டுப் போவதற்கே பலர் கூசினார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது பெண்களின் ஊசியால். சிறுவயதில் பொழுதுபோக்காகக் கற்ற பூத்தையலும் பிரெஞ்சும் பியானோவும் சோறு போட்டன. தளபதியாக இருந்த கணவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பழைய போர் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி காலையில் தொப்பிக் கடைக்கும் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கவும் போன வீடுகள் பாரிஸ் முழுக்க இருந்தன.

ஜாரின் சித்தப்பா மகள் இளைய மரியா பாவ்லவ்னா எந்திரப் பூத்தையலைத் தொழிற்கூடத்தில் சாதாரணத் தொழிலாளி மாதிரி நின்று கற்று, ஆடை வடிவமைப்பாளர் கோகோ சேனலுக்காக வேலை செய்யும் 'கித்மீர்' என்ற தையலகத்தை நடத்தினார். 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அவருடைய தம்பி திமித்ரி சேனலோடு நெருக்கமாக இருந்தவர். மாஸ்கோவில் பிறந்து அங்கே வாசனைத் தைலத் தொழிலில் வளர்ந்த எர்னெஸ்ட் போ என்பவர்தான் 'சேனல் நம்பர் 5' வாசனைத் தைலத்தைச் செய்தவர். இப்படிப் பார்த்தால் 1920களின் பாரிஸ் நாகரிகத்தில் ரஷ்ய அகதிகளின் கை எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியும். மாடலாக நின்றவர்களும் அவர்களே: மரியாவின் தகப்பனுக்கு இரண்டாம் மனைவி மூலம் பிறந்த தங்கை நட்டாலி பாலே ஆடை வடிவமைப்பாளர் லூசியன் லெலோங்கைக் கல்யாணம் செய்து, பிறகு ஹாலிவுட் படங்களிலும் நடித்தார்.

நான்சென் பாஸ்போர்ட் என்றால் என்ன? ஏன் அது முக்கியம்?

இதைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணையால் வெளிநாட்டில் இருந்த அகதிகளின் குடியுரிமையைப் பறித்தது. அதற்கு முன் அவர்களிடம் இருந்தது ஜார் கால அல்லது தற்காலிக அரசு காலத்துப் பாஸ்போர்ட். அதை வழங்கிய அரசே இப்போது இல்லை. ஆக, லட்சக்கணக்கானோர் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவருக்கு விசா இல்லை, விசா இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாதவரை நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாம், ஆனால் எல்லைக்கு அப்பால் இருக்கும் நாடும் ஏற்காது. ஒரே ஆளை இரண்டு நாட்டுக் காவலர்களும் மாறி மாறி எல்லை தாண்டித் தள்ளிவிட்ட சம்பவங்கள் நடந்தன.

நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சென், முதலில் துருவப் பயணி, பிறகு ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கத்தின் அகதிகள் ஆணையர். 1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசுகளை உட்காரவைத்து, ரஷ்ய அகதிகளுக்கு ஓர் அடையாளச் சான்றிதழ் தர ஒப்புக்கொள்ள வைத்தார். பாஸ்போர்ட் என்று மக்கள் அழைத்தாலும் அது ஒரு தாள்தான். ஒரு வருடம் செல்லும், ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நான்சென் முகம் அச்சிட்ட கட்டண முத்திரைத்தலையை வாங்கி ஒட்ட வேண்டும். ஆரம்பத்தில் அந்தத் தாளோடு ஒரு நாட்டைவிட்டுக் கிளம்பினால் அதே நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமைகூட இல்லை. மொத்தம் நான்கரை லட்சம் அளவுக்கு வழங்கப்பட்டதாகச் சொல்வார்கள். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபக்கோவ் எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்.

சலுகை குறைவுதான், ஆனாலும் அரசு இல்லாத மனிதனை உலகம் முதல்முறையாக ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டது அந்தத் தாளில்தான். நபக்கோவின் தகப்பனார் அரசியல்வாதி, பிரபு வம்சம். 1922 மார்ச்சில் பெர்லினில் ஒரு கூட்டத்தில் இன்னொருவரைச் சுட வந்தவர்களைத் தடுக்கப் போய் அவரே குண்டடிபட்டு இறந்தார். மகன் டென்னிஸும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தார். விசாவுக்காக அலுவலக வாசல்களில் நின்ற அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை, எழுத்திலும் மறைக்கவில்லை.

பாரிஸ் தவிர வேறு எங்கே போனார்கள்?

1920களின் தொடக்கத்தில் பெர்லின்தான் பெரிய மையம். மார்க் மதிப்பு விழுந்து கிடந்ததால் வாழ்க்கை மலிவு. நாணயம் நிலைபெற்றதும் விலை ஏறியது, கூட்டம் பாரிஸுக்கு நகர்ந்தது. செர்பியாவில் மன்னர் அலெக்ஸாந்தர் ரஷ்யாவில் படித்தவர், அதனால் மனதார வரவேற்றார். அங்கே ரஷ்யப் பள்ளிகளும் படைப் பயிற்சிப் பள்ளிகளும் நடந்தன. செக்கோஸ்லோவாக்கியா மாணவர்களுக்கும் அறிஞர்களுக்கும் உதவித்தொகை கொடுத்தது.

கிழக்கே மஞ்சூரியாவின் ஹார்பின் ஏற்கெனவே ரயில்வேக்காக ரஷ்யர்கள் கட்டிய ஊர். அங்கிருந்து ஷாங்காய்க்குப் போனவர்கள் நிலை கடினம். மற்ற ஐரோப்பியர்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை, காவலாளி வேலையும் நடன அரங்க வேலையும்தான் கிடைத்தன. 1949இல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிலிப்பைன்ஸின் துபாபாவ் தீவில் கூடாரத்தில் வைத்தார்கள். ஒரே ஆயுளில் இரண்டாவது முறை அகதி.

இந்தியப் பக்கம் கேட்பவர்களுக்கு: ஒடெஸாவின் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த போரிஸ் லிசானெவிச் நடனக் கலைஞராக வந்து, 1930களில் கல்கத்தாவில் '300 கிளப்' நடத்தி, பிறகு காத்மாண்டுவில் ராயல் ஹோட்டல் தொடங்கினார். நேபாளச் சுற்றுலாவின் முன்னோடி என்று இன்றும் அவரைச் சொல்வார்கள்.

விவசாயிகளை அடிமையாக வைத்திருந்தவர்கள்தானே, எதற்கு இரக்கம்?

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். 1861 வரை இந்தக் குடும்பங்கள் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தன. சட்டம் மாறிய பிறகும் விவசாயி தன் நிலத்துக்கே பல பத்தாண்டுகள் தவணை கட்டினான். கிராமத்துக் கோபம் வானத்திலிருந்து விழவில்லை. இதைச் சொல்லாமல் மாளிகைகளையும் வெள்ளிச் சாமான்களையும் மட்டும் பார்த்து உருகும் எழுத்து எனக்குப் பிடிக்காது.

ஆனால் 1918இல் சுடப்பட்டவனும் 1935இல் ஊரைவிட்டு விரட்டி ரயிலேற்றப்பட்டவளும் தாங்கள் செய்த எதற்காகவும் தண்டிக்கப்படவில்லை, யாருக்குப் பிறந்தார்கள் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பிறப்பை வைத்து மேலே தூக்கியது தவறு என்றால் பிறப்பை வைத்துக் குழியில் தள்ளுவதும் தவறுதான். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள முடியும், வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

நாட்டிலேயே தங்கிவிட்டவர்கள் கதி?

இவர்களைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இவர்கள் கதைதான் அதிகம் கனக்கிறது. 'முன்னாள் மனிதர்கள்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1918 அரசியல் சட்டம் பறித்தது வாக்குரிமையை மட்டும் இல்லை. வாக்குரிமை இழந்தவர் பட்டியலில் பெயர் இருந்தால் ரேஷன் கிடைக்காது, நல்ல வேலை கிடைக்காது, பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்காது.

ஷெரெமெத்யெவ் குடும்பத்தைப் பாருங்கள். 1918 நவம்பரில் மாஸ்கோ வீட்டில் ரகசியப் போலீஸ் புகுந்து மகன்களையும் மருமகன்களையும் கைது செய்தது. நோயாளியாகப் படுத்திருந்த முதியவர் செர்கேய் அடுத்த மாதமே இறந்தார், மருமகன்கள் இருவர் மறுவருடம் சுடப்பட்டார்கள். குடும்பத்தின் குஸ்கவா, ஒஸ்தான்கினோ மாளிகைகள் அருங்காட்சியகம் ஆயின. மகன் பாவெல் நொவொதேவிச்சி மடத்தின் ஒரு கோபுர அறையில் குடும்பத்தோடு வாழ்ந்து 1943இல் இறந்தார்.

கோலித்சின்கள் வேறு மாதிரி. மாஸ்கோவின் முன்னாள் மேயர் விளாதிமிர் கோலித்சின், பேரப்பிள்ளைகள் சூழ, ஒவ்வொரு முறையும் சிறிதான வீட்டுக்கு மாறி, கடைசியில் மாஸ்கோவிலிருந்தே விரட்டப்பட்டு 1932இல் திமித்ரொவ் என்ற சிற்றூரில் இறந்தார். ஜாரின் கடைசிப் பிரதமர் நிக்கோலாய் கோலித்சின் காலணி தைத்துப் பிழைத்தவர், 1925இல் சுடப்பட்டார்.

1934 டிசம்பரில் லெனின்கிராத் (பெத்ரோகிராதின் புதுப் பெயர்) நகரக் கட்சித் தலைவர் கீரவ் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, அடுத்த வருடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த நகரிலிருந்து சுமார் 11,000 பேரை வெளியேற்றினார்கள். முன்னாள் பிரபுக்கள், அதிகாரிகள், பாதிரியார்கள், அவர்கள் குடும்பங்கள். மூட்டை கட்ட சில நாட்கள் அவகாசம். கஸாக்ஸ்தானுக்கும் வோல்கா கரைக்கும் போனவர்களில் பலரை 1937இல் தேடிப் பிடித்துச் சுட்டார்கள். தப்பியவர்கள் பெயரை மாற்றினார்கள், புகைப்படங்களை எரித்தார்கள், பிள்ளைகளிடம் தாத்தா யார் என்று சொல்லவில்லை. 1990களில் ஆவணக் காப்பகம் திறந்தபோதுதான் அந்தப் பேரர்களுக்குத் தெரிய வந்தது.

யாராவது திரும்பிப் போனார்களா?

போனார்கள். கவுண்ட் அலெக்ஸேய் இக்னாத்யெவ் பாரிஸில் ஜாரின் ராணுவப் பிரதிநிதி. ஆயுதம் வாங்க அனுப்பிய பணம், 22.5 கோடி பொன் பிராங்க், அவர் பெயரில் பிரெஞ்சு வங்கியில் கிடந்தது. எல்லாத் தரப்பும் கேட்டது. யாருக்கும் கொடுக்காமல் காளான் வளர்த்து விற்றுக் காலம் ஓட்டினார். 1924இல் பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்தபின், அது ரஷ்யாவின் பணம் என்று அந்த அரசிடம் ஒப்படைத்தார். பெற்ற தாய் வீட்டுப் படியேறாதே என்றார், உடன்பிறந்த தம்பியும் உறவை முறித்துக்கொண்டார். 1937இல் நாடு திரும்பி, செம்படையில் ஜெனரல் ஆகி, 1954இல் இயற்கையாக இறந்தார்.

அவர் திரும்பிய அதே 1937இல் இன்னொருவர் கைது செய்யப்பட்டார்: இளவரசர் திமித்ரி மிர்ஸ்கி. லண்டனில் ரஷ்ய இலக்கியம் கற்பித்தவர், கம்யூனிஸ்டாக மாறி 1932இல் ஆசையோடு திரும்பியவர். 1939இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதான் அருகே முகாமில் இறந்தார். இரண்டு பேரும் நம்பித்தான் போனார்கள். யார் பிழைப்பார் என்பதற்குத் தர்க்கம் எதுவும் இல்லை.

1946இல் சோவியத் அரசு பிரான்ஸ் ரஷ்யர்களுக்குக் குடியுரிமையைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஹிட்லரைத் தோற்கடித்த நாடு என்ற பெருமையில் ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். திரும்பிப் போனவர்களில் பலருக்கு முகாமும் நாடுகடத்தலும் காத்திருந்தன.

இரண்டாம் உலகப் போரில் எந்தப் பக்கம் நின்றார்கள்?

இரண்டு பக்கமும். ஸ்டாலினை வீழ்த்த ஜெர்மனியோடு சேரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. தளபதி க்ரஸ்னோவ் அப்படிச் சேர்ந்து, பிரிட்டிஷாரால் சோவியத்திடம் ஒப்படைக்கப்பட்டு 1947இல் மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார். இன்னொரு வெண்படைத் தலைவர் தெனிக்கின் பிரான்ஸில் பட்டினி கிடந்தும் ஜெர்மானியரோடு சேர மறுத்தார்.

இளவரசி வேரா ஒபலென்ஸ்கியை மறக்கக் கூடாது. பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் பெரிய அமைப்பு ஒன்றில் செயலாளர், நினைவாற்றலுக்குப் பேர் போனவர். 1943 டிசம்பரில் பிடிபட்டார், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, 1944 ஆகஸ்ட் 4 அன்று பெர்லின் ப்ளோட்சென்ஸே சிறையில் தலை வெட்டப்பட்டது. கணவர் புகென்வால்ட் முகாமிலிருந்து பிழைத்து வந்து பின்னாளில் பாதிரியார் ஆனார். பாரிஸில் யூதர்களை ஒளித்துவைத்த துறவி மரியா ஸ்கோப்சோவா 1945இல் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் மாண்டார். 2004இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இங்கிலாந்து ரக்பி அணிக்காக 1936இல் நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்த அலெக்ஸாந்தர் ஒபலென்ஸ்கி, 1940இல் விமானப்படைப் பயிற்சியில் விபத்தில் இறந்தார்.

போலி இளவரசர்களும் இருந்தார்களாமே?

நிறைய. சோதிக்க ஆவணம் இல்லை, பட்டத்துக்கு அமெரிக்காவில் கிராக்கி. லிதுவேனியாவில் பிறந்த ஒருவர் 'மைக் ரோமனாஃப்' என்ற பெயரில் பெவர்லி ஹில்ஸில் உணவகமே நடத்தினார். ஜாரின் மகள் அனஸ்தேசியா என்று சொல்லிக்கொண்ட அன்னா ஆண்டர்சன் விஷயம் தெரிந்ததே. 1984இல் அவர் இறந்து பத்து வருடம் கழித்து மரபணுச் சோதனை அது பொய் என்று காட்டியது.

சிம்மாசனத்துக்கு இன்னும் உரிமை கோருகிறார்களா?

1924இல் ஜாரின் சித்தப்பா மகன் கிராண்ட் டியூக் கிரீல் தன்னைப் பேரரசராக அறிவித்தார். ஜாரின் தாய் அதை ஏற்கவில்லை. கிரீலின் பேத்தி மரியா விளாதிமிரொவ்னா இன்றும் உரிமை கோருகிறார், குடும்பத்தின் மற்ற கிளைகள் மறுக்கின்றன. அவருடைய மகன் கியோர்கியின் திருமணம் 2021இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. இதற்கு மேல் அந்தச் சண்டையில் விஷயம் இல்லை.

வாரிசுகளுக்குச் சொத்து திரும்பக் கிடைத்ததா?

இல்லை. செக் நாட்டிலும் பால்டிக் நாடுகளிலும் பறிமுதல் சொத்தைத் திருப்பித் தரச் சட்டம் வந்தது. ரஷ்யாவில் தனியார் சொத்துக்கு அப்படிச் சட்டம் வரவில்லை. வந்த வாரிசுகளில் பலர் கேட்கவும் இல்லை, தாத்தா வீடு எது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் தலைமுறைக்கு ஏற்கெனவே வேறு நாடு சொந்தமாகிவிட்டது. ஜாரின் கல்வி அமைச்சர் பாவெல் இக்னாத்யெவின் பேரன் மைக்கேல் இக்னாட்டியஃப் கனடாவின் லிபரல் கட்சித் தலைவராக இருந்தார். ஜாரின் தங்கை ஓல்கா 1948இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, நிலம் வாங்கிப் பயிர் செய்து, 1960இல் டொரான்டோவில் ஒரு முடிதிருத்தகத்தின் மாடி வீட்டில் இறந்தார்.  சொந்த நாடு என்று சொல்ல ஒரு காகிதம் இல்லாத அந்த இழப்பு தீர இவ்வளவு காலம் ஆனது.

இவர்கள் தடத்தை இன்று எங்கே பார்க்கலாம்?

பாரிஸில் தாரு வீதியின் அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி தேவாலயம் முதலில். அப்புறம் நகருக்குத் தெற்கே செயிண்ட் ஜெனவியெவ் தே புவா. 1927இல் வேரா மெஷ்செர்ஸ்கயா என்ற இளவரசி, டாரத்தி பேஜெட் என்ற ஆங்கிலேயப் பணக்காரப் பெண்ணின் பணத்தில் அங்கே முதியோர் இல்லம் தொடங்கினார். அதன் பக்கத்தில் வளர்ந்ததுதான் ரஷ்யர் கல்லறைத் தோட்டம். யூசுபோவ், ல்வோவ், எழுத்தாளர் புனின் எல்லோரும் அங்கே. போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: பிரான்ஸில் கல்லறை இடம் பெரும்பாலும் குத்தகைதான், கட்ட ஆள் இல்லாவிட்டால் நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். வாரிசு இல்லாத நூற்றுக்கணக்கான கல்லறைகள் அந்த நிலைக்கு வந்தபோது, 2000களின் பிற்பகுதியில் ரஷ்ய அரசே குத்தகைப் பணத்தைக் கட்டியது.